பழைய படத் தபால் அட்டைகளில் நெல்லைச் சீமை: வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் போடுங்கள்

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கத்து வரலாறு என்று பேச ஆரம்பித்தால் கெஜட்டியர், கல்வெட்டு, பாளையக்காரர் சண்டை என்று போய்விடும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரண நாளில் கொக்கிரகுளத்தில் பொருநை, அதாவது தாமிரபரணி ஆற்றங்கரை எப்படி இருந்தது, தண்ணீர் எடுக்க யார் வந்தார்கள், பாலத்தில் என்ன வண்டி போனது என்று கேட்டால் அவற்றில் பதில் கிடைக்காது. பழைய படத் தபால் அட்டையில் கிடைக்கிறது. அதற்காகத்தான் இந்த இழை.

பின்னணி கொஞ்சம். இந்தியாவில் கால் அணா தபால் அட்டை 1879 ஜூலை 1 அன்று வந்தது. அது படம் இல்லாத வெறும் அட்டை. படம் அச்சிட்ட அட்டை பரவலானது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னையில் வீலே அண்ட் கிளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் மாகாணம் முழுக்க ஊர்களைப் படமாக்கி விற்றார்கள். மிஷன் சங்கங்களும் தனியாக அச்சிட்டன.

என்னிடம் உள்ளது சுலோசன முதலியார் பாலத்து அட்டை. பாலத்தின் கதை உங்களுக்குத் தெரியும்: முதலியார் கைப்பணம் போட்டுக் கட்டி 1843-இல் திறந்த பாலம், பதினோரு வளைவு. படம் எடுத்தவருக்கு வளைவுகள்தான் முக்கியம், அவற்றை நடுவில் வைத்து எடுத்திருக்கிறார். நான் பார்ப்பது இடது ஓரம். அங்கே நல்ல உயரத்துக்கு மணல் மேடு. அதில் மூன்று பெண்கள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி குனிந்திருக்கும் இடத்தில் தலை மட்டும்தான் தெரிகிறது, குழி அத்தனை ஆழம். இன்றைக்கு அதே இடத்தில் போய் நின்று பாருங்கள், அமலைச் செடியும் பாறையும்தான். ஆற்றில் எவ்வளவு மணல் கிடந்தது என்று வாயால் சொன்னால் இளைய பிள்ளைகள் நம்புவதில்லை. இந்த ஓரம் அதைக் காட்டுகிறது.

உங்களிடம் இருப்பதைப் போடுங்கள். முன்பக்கம் மட்டும் போடாதீர்கள், பின்பக்கமும் வேண்டும்.


முத்துநகர் எழுதியது:

அண்ணாச்சி, நல்ல காரியம். எங்கள் தூத்துக்குடி அட்டைகள் மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கிடைக்கும். காரணம் கொழும்புக் கப்பல். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும் வரை இலங்கைக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்து இங்கேதான் கப்பல் ஏறினார்கள். கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அட்டை வாங்கி எழுதிப் போடுவது வழக்கம். தோட்டத்துக்குப் போன துரை, சுற்றிப் பார்க்க வந்தவர், மிஷன்காரர் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இங்கிலாந்தில் வீட்டுச் சாமான் ஏலம் விடும்போது தூத்துக்குடி அட்டைகள் வெளியே வருகின்றன, ஈபேயில் பார்க்கலாம்.

கடற்கரை அட்டை ஒன்று போட்டிருக்கிறேன். கரையை ஒட்டிக் கடல் ஆழம் கிடையாது, பெரிய கப்பல் பல மைல் தள்ளித்தான் நிற்கும். ஆளையும் சரக்கையும் சிறு நீராவிப் படகிலும் தோணியிலும் கொண்டு போவார்கள். அட்டையில் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரிகிறது, முன்னால் முழுக்கத் தோணிகள். தோணிக்காரர்கள் இல்லாமல் இந்தத் துறைமுகம் ஒரு நாள்கூட நடந்திருக்காது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று மனசை உறுத்துகிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், காலியா, லாவோ இரண்டு கப்பலும் இதே கடலில் ஓடின. 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்தது. அட்டை விற்பனை சூடு பிடித்த காலமும் அதுதான். நான் சேர்த்த தூத்துக்குடி அட்டை எதிலும் இவற்றின் சுவடே இல்லை. முத்துக்குளிப்பு இருக்கிறது, மாதா கோவில் இருக்கிறது, கலங்கரை விளக்கம் இருக்கிறது. வாங்குகிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு அட்டையை மட்டும் வைத்து ஊர் வரலாறு எழுதினால் வ.உ.சி. பிறந்த மண்ணிலேயே வ.உ.சி. இல்லாமல் போவார்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

முத்துநகர் சொன்னதையே கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அட்டையை ஆவணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை முதல் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மனியில் அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அங்கே உட்கார்ந்து சாயம் ஏற்றியவருக்கு நெல்லைச் சீமை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. சேலை நிறம், மண் நிறம் எதையும் நம்ப முடியாது. ஒரே படத்தைப் பத்து வருஷம் வைத்து அச்சிடுவார்கள், முத்திரையில் உள்ள தேதி படம் எடுத்த தேதி ஆகாது. ஊர் பெயரைத் தப்பாகப் போடுவதும் சகஜம்.

கல்வெட்டைப் படிக்கிறவன் காகிதத்தில் மசிப்படி எடுத்து, எழுத்தின் காலம் பார்த்து, பக்கத்துக் கோவில் கல்வெட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் வாய் திறப்பான். அட்டைக்கும் அந்த நிதானம் வேண்டும்.


தென்காசிச் சாரல் எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா சொல்வது சரி. ஆனால் அந்த நிதானத்தை உள்ளூர்க்காரன்தான் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் உதாரணம்.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் 'குற்றாலம் கோவில்' என்று போட்டிருந்த அட்டை இது. அச்சிட்ட வாசகமே அப்படித்தான். படத்தில் உச்சி முதல் பிளந்து இரண்டாக நிற்கிற பெரிய கோபுரம், பிளவுக்குள் செடி முளைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரிடம் காட்டினாலும் அடுத்த நொடியில் சொல்வார்கள், இது தென்காசி காசி விசுவநாதர் கோவில் கோபுரம். பராக்கிரம பாண்டியன் கட்டியது, இடி விழுந்து பிளந்தது என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே நின்று 1990-இல்தான் ஒன்பது நிலையோடு திரும்ப எழுந்தது. குற்றாலநாதர் கோவிலில் இத்தனை உயரக் கோபுரம் கிடையவே கிடையாது. பிரிட்டிஷ்காரர்களுக்குக் குற்றாலம் கோடை வாசத்தலம். அந்தப் பெயர் போட்டால் விற்கும் என்று போட்டிருக்கலாம்.

வாசகம் தப்பு, படம் தப்பில்லை. படத்தை எடுத்துக்கொண்டு வாசகத்தைத் திருத்த வேண்டியது நம் வேலை. கோபுரம் இல்லாத படமாக இருந்தால் பின்னால் மலை விளிம்பைப் பாருங்கள். வீடு இடியும், மரம் வெட்டுவார்கள், மலையின் முகடு மாறாது. தென்காசியிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, அம்பாசமுத்திரத்திலிருந்து பொதிகை தெரிவது வேறு மாதிரி. வயல் நடுவில் நின்று அந்த முகட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்பது வரை தெரியும்.


செங்கோட்டை மேட்டுத்தெரு எழுதியது:

தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. அதனால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழி அட்டைகளைத் திருநெல்வேலித் தலைப்பில் தேடினால் கிடைக்காது. திருவிதாங்கூர்த் தலைப்பில் பாருங்கள், கேரளத்துச் சேகரிப்பாளர்களிடம் கேளுங்கள். 1904-இல் கொல்லம் ரயில் பாதை வந்த பிறகு மலையைக் குடைந்த ரயில் குகை, பதிமூன்று கண் பாலம் இவற்றைப் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

திருவிதாங்கூருக்குள் 'அஞ்சல்' என்று தனித் தபால் துறை இருந்தது, 1951-இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ஆகவே பின்பக்கம் சங்கு போட்ட தபால் தலை இருந்தால் விற்கிறவர் வேறு பெட்டியில் வைத்திருப்பார்.

இதே மாதிரி ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி எல்லாம் 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை நம் ஜில்லா. அதற்கு முந்தைய அட்டைகளில் திருநெல்வேலி ஜில்லா என்றே இருக்கும். இப்போதுள்ள மாவட்ட எல்லையை வைத்துத் தேடாதீர்கள்.


பாளை டீச்சர் எழுதியது:

மிஷன் அட்டைகளைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து சில இருக்கின்றன.

இவை ஊர்க் காட்சியை விற்க வந்தவை இல்லை. இங்கிலாந்தில் சபை மக்களிடம் காணிக்கை திரட்ட அச்சிட்டவை. பாளையங்கோட்டையில் சி.எம்.எஸ்., இடையன்குடி, நாசரேத் பக்கம் எஸ்.பி.ஜி., இரண்டும் ஆங்கிலேய மிஷன் சங்கங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பார்வையற்றோர் பள்ளி, ஆலயம் என்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். கொடுக்கிறவர் மனம் இரங்க வேண்டும் என்பதால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, சிரிக்காமல் எடுத்திருப்பார்கள். கீழே மிஷனரி அம்மாவின் பெயர் இருக்கும். பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இருக்காது. எனக்கு இது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வலிக்கும்.

ஆனாலும் இவற்றை நான் விட மாட்டேன். இடையன்குடி லேஸ் பின்னும் வகுப்பு அட்டை ஒன்று உண்டு. பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் அம்மையார் அங்கே தொடங்கிய வேலை அது. பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருத்தி முன்னாலும் திண்டு, திண்டு நிறையக் குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள் தொங்குகின்றன. முன்வரிசைச் சிறுமிகள் எல்லாரும் ரவிக்கை போட்டிருக்கிறார்கள். காது சாதாரணமாக இருக்கிறது. பின்னால் சுவரோரம் ஒரு பாட்டி நிற்கிறாள், கூப்பிட்டு நிறுத்தினார்களோ தானாக வந்து நின்றாளோ. அவள் காது தோள் வரை வளர்ந்து பாம்படம் என்கிற கனத்த காதணி தொங்குகிறது. ரவிக்கை இல்லை, சேலையை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். ஒரு வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் எவ்வளவு மாறியது என்பது அந்த ஒரு அட்டைக்குள் இருக்கிறது. காது வளர்ப்பதை எப்போது நிறுத்தினார்கள், ரவிக்கைக்காக எங்கள் தெற்குச் சீமைப் பெண்கள் என்ன பாடுபட்டார்கள் என்று வகுப்பில் சொல்லும்போது இதைத்தான் காட்டுவேன். பிள்ளைகள் பாட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.


உடன்குடிப் பனங்காடு எழுதியது:

டீச்சர் போட்டதைப் பார்த்து எனக்கும் எழுதத் தோன்றியது. பனையேறி அட்டைகள் நிறைய உண்டு, திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் எடுத்தவை. பலவற்றில் கீழே சாதிப் பெயர் போட்டிருக்கும், இன்று அதை எழுதவே கை கூசும். இல்லையென்றால் 'கள் இறக்குகிறவர்' என்று இருக்கும். என் தாத்தா பனையேறி. அதனால் இதை விளக்கியே ஆக வேண்டும்.

நான் இணைத்திருக்கும் அட்டையின் வாசகம் கள் இறக்குகிறவர் என்றுதான் சொல்கிறது. படத்தைப் பாருங்கள். ஆள் மரத்தில் முக்கால் உயரத்தில், காலில் தளைநார், இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கிற நார் வளையம். இடுப்பில் அருவாப்பெட்டி. மரத்தடியில் சாய்த்து வைத்திருப்பது முருக்குத்தடி, அதில் கால் வைத்துத்தான் ஏறத் தொடங்குவார்கள். தரையில் ஒரு கலயம் கவிழ்ந்து கிடக்கிறது, அதன் வாய்க்குள் வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்பு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது, அது பதநீர். கள்ளுக்குச் சுண்ணாம்பு தடவ மாட்டார்கள். வலது மூலையில் ஓலைக் கூரை ஒன்று பாதி தெரிகிறது, அதுதான் விடிலி, பதநீர் காய்ச்சும் இடம். அதன் வாசலில் வரிசையாகச் சிரட்டைகள். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றித்தான் கருப்பட்டி எடுப்பது. விடிலிக்குள் அடுப்புப் பக்கம் ஒரு பெண் உருவம் நிழலாக இருக்கிறது. ஆண் ஏறி இறக்குவது பாதி வேலை, விடியலிலிருந்து அடுப்படியில் வெந்து காய்ச்சுவது பெண் செய்கிற மீதி வேலை. வாசகத்தில் அவளும் இல்லை, கருப்பட்டியும் இல்லை.

படம் எடுத்தவர் எழுதத் தெரியாமல் விட்டதை நாம் எழுத வேண்டும். விடிலி பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கும்போதே எழுத வேண்டும்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

உடன்குடித் தம்பி, இது பிரமாதம். கருவிகளை வைத்து வாசகத்தையே மறுத்திருக்கிறீர்கள். நான் கேட்ட நிதானம் இதுதான். இப்போது காலக் கணிப்புக்கு வருவோம். பொருநைக்கரை, உங்கள் பாலம் அட்டை எந்தக் காலம், எப்படித் தெரியும்?


பொருநைக்கரை எழுதியது:

ஐயா, பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஆரம்பத்தில் அட்டையின் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான், சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். 1902-இல் பிரிட்டனில் பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுப் பிரித்து ஒரு பாதியில் சேதி எழுத அனுமதித்தார்கள், மற்ற நாடுகளிலும் அடுத்தடுத்து வந்தது. என் அட்டையில் நடுக்கோடு இருக்கிறது, ஆகவே 1902-க்குப் பிந்தைய அச்சு. 'ஜெர்மனியில் அச்சானது' என்று சிறு எழுத்தில் இருக்கிறது, 1914-இல் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றுபோனது. தபால் தலையில் ஏழாம் எட்வர்ட் தலை. முத்திரையில் 1909 தெளிவாக விழுந்திருக்கிறது. இதிலிருந்து நான் சொல்வது இவ்வளவுதான்: படம் 1909-க்குப் பிந்தியது இல்லை. எவ்வளவு முந்தியது என்று இந்த அட்டை சொல்லாது.

தபால் தலை கிழிந்து போயிருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிளாக் அச்சு. வளைந்து நெளிந்த பொடிக் கோடுகளாகத் தெரிந்தால் கொலோடைப். இரண்டும் இல்லாமல் நிழல் வழுவழுவென்று இருந்தால் நிஜமான போட்டோத் தாளிலேயே கழுவியது. இந்தக் கடைசி வகையை விடாதீர்கள். உள்ளூர் ஸ்டூடியோக்காரர் தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, வெள்ளம் என்று கொஞ்சம் பிரதி மட்டும் போட்டிருப்பார், வேறெங்கும் அந்தப் படம் இருக்காது.


ஏரல் ஆத்தங்கரை எழுதியது:

நான் புதுசு. இந்த இழையைப் படித்த பிறகுதான் எங்களிடம் இருப்பதற்கு மதிப்பு உண்டு என்று புரிந்தது. எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து ஆச்சிக்கு எழுதிய அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். பெட்டி இரண்டு நாள் ஊறிக் கிடந்தது. மாமா வெயிலில் போட்டுக் காய வைத்தார். பாதி அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மேலே இருப்பதில் மட்டும் தாத்தா எழுத்து தெரிகிறது. மேலே பிள்ளையார் சுழி, 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்', அப்புறம் வெள்ளை மாடு கன்று போட்டதா என்று ஒரு வரி. முன்பக்கம் கொழும்புத் துறைமுகம். இந்தக் கட்டியைப் பிரிக்க முடியுமா? ஒருத்தர் கத்தி விட்டு நெம்பச் சொன்னார், எனக்குப் பயமாக இருக்கிறது.


பாளை டீச்சர் எழுதியது:

அம்மா, கத்தியை எடுக்கவே எடுக்காதீர்கள். நான் ஒரு நூலகத்தில் பாதுகாப்பு வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். மையில் எழுதியது தண்ணீர் பட்டால் ஓடிவிடும், போட்டோத் தாள் பசையாகிவிடும். அதனால் நீங்களாக நனைத்துப் பார்க்கவும் வேண்டாம். முதலில் கட்டியை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், தெரிகிற எழுத்தை அப்படியே நகல் எழுதுங்கள். பிறகு அமிலமில்லாத தாளில் தளர்வாகச் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பிரிப்பது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் கையில்தான் நடக்க வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்து: லேமினேட் செய்யாதீர்கள். பசை தடவிய ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். செல்லோடேப் கூடவே கூடாது. அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று பொருநையிடம் கேட்க முடியாது, ஆகவே ஸ்கேன் எடுத்து இன்னொரு ஊரில் உள்ள சொந்தக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.


முத்துநகர் எழுதியது:

ஏரல் அக்கா, உங்கள் தாத்தாவின் அட்டைகள் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. இதுவரை நாம் போட்டதெல்லாம் துரைமார் எழுதியவை. கொழும்புக்குக் கடைக்குப் போன நம் ஆட்கள் தமிழில் எழுதிய அட்டை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. எந்தத் தெருவில் கடை, எந்த மாதம் ஊருக்கு வந்தார், என்ன அனுப்பினார் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதையும் எழுதி வையுங்கள். நம் சீமையிலிருந்து எத்தனையோ வீடுகள் கொழும்புக் கடைப் பணத்தில் எழுந்தவை.


ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு வேண்டுகோளோடு ஒத்துழைக்கிறேன். ஒவ்வொரு அட்டைக்கும் குறிப்பு எழுதும்போது அட்டையில் அச்சாகியிருப்பது, கையால் எழுதியிருப்பது, முத்திரை, பிறகு நாம் ஊகித்தது என்று தனித்தனியாக எழுதுங்கள். ஊகத்துக்குக் காரணமும் வேண்டும். கோபுரம் தென்காசி என்றால் ஏன், பதநீர் என்றால் ஏன். வாசகத்தில் இழிவான பெயர் இருந்தால் அதையும் அழிக்காமல் பதிந்துவிட்டு, பக்கத்தில் நம் குறிப்பைப் போடலாம். யார் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் வரலாறுதான்.


பொருநைக்கரை எழுதியது:

அப்படியே செய்வோம் ஐயா. ஸ்கேன் 600 டிபிஐ, இரண்டு பக்கமும், ஓரத்தை வெட்டாமல். 1940-க்கு முன் இங்கே எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, தயங்காமல் பொதுவில் ஏற்றலாம். வீட்டுச் சேதி எழுதிய பக்கத்தை மட்டும் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

அடுத்து எனக்கு வேண்டியது குறுக்குத்துறை. ஆற்று நடுவில் இருக்கிற முருகன் கோவில், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். கரை மண்டபமும் படியும் சேர்ந்து தெரிகிற பழைய அட்டை இருந்தால் போடுங்கள். எத்தனை படி மணலுக்கு மேலே தெரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாலத்து அட்டையில் உள்ள மணல் மட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம்.


தென்காசிச் சாரல் எழுதியது:

மேலகரத்தில் தெரிந்த வீட்டில் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது, குறுக்குத்துறை அதில் இருந்ததாக ஞாபகம். சாரல் முடிவதற்குள் போய்க் கேட்டு, அனுமதி கிடைத்தால் இரண்டு பக்கமும் எடுத்துப் போடுகிறேன்.